ராணி தூங்கிய கிட்டங்கி

தனுஷ்கோடி சொன்ன எதையும் கிட்டங்கி வளவில் யாரும் நம்பியது கிடையாது. அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்தது கிடையாது.

ராஜபாளையத்தில் மில் வேலை பார்த்த காலத்தில், பஞ்சு பறக்கிற அறையில் நின்று ஒருநாள் அவர் கொட்டாவி விட்டார். உள்ளே போன பஞ்சு மூன்றாம் நாள் நூலாக வெளியே வந்தது. அறுபதாம் நம்பர் நூல். சூப்பர்வைசர் அதை வாங்கி விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "முறுக்கு கொஞ்சம் பத்தலையே தனுஷ்கோடி" என்றார். இன்னொரு தடவை அய்யனார் கோவில் அருவியில் குளிக்கும்போது சோப்பு கையை விட்டு நழுவிப் போனது. நாலு மாசம் கழித்து வளவுக் கிணற்றில் இறைத்த வாளியில் அதே சோப்பு கிடந்தது. பாதி தேய்ந்திருந்தது. வழியில் எத்தனை பேர் ஓசியில் குளித்தார்களோ என்று ரொம்ப நாள் வருத்தப்பட்டார்.

இதையெல்லாம் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சுருக்கம் அசையாது. தபாலாபீசில் ஸ்டாம்ப் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரிச் சொல்வார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், "அடங்கப்பா, புளுகு" என்பார்கள், எழுந்து வேலையைப் பார்க்கப் போவார்கள். அவர் பெண்சாதி இசக்கியம்மாள் சிரிக்கவும் மாட்டாள். நாற்பத்தாறு வருசத்தில் புருசன் சொன்னதில் அவள் நம்பிய ஒரே விசயம், மில்லில் ஸ்டிரைக் என்று அவர் வந்து சொன்னதுதான். அதையும் பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டுத்தான் நம்பினாள்.

வளவு இருந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், தேர் ஓடுகிற வீதிக்கு இரண்டு தெரு பின்னால். ஒரே வாசல், நடுவில் முற்றமும் கிணறும், சுற்றிப் பதினோரு வீடு. ஒரு பஞ்சு வியாபாரி அந்தக் காலத்தில் மூடை அடுக்குவதற்குக் கட்டிய கிட்டங்கி அது. வியாபாரம் நொடித்ததும் தன்னிடம் வேலை பார்த்தவர்களுக்கே அதைப் பிரித்து, ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காசிக்குப் போனவர், திரும்பி வரவில்லை. தனுஷ்கோடியின் அப்பா தராசு பிடித்தவர். அவருக்கு ஏழாம் நம்பர் அறை. சைக்கிள் கடை பிச்சை முகம்மதுவின் வாப்பா மூடை சுமந்தவர். அவருக்கு எட்டாம் நம்பர். எதிர்ச்சாரியில் ஜெயபாய் டீச்சர் வீடு. அவருடைய தாத்தா கணக்குச் சிட்டை எழுதியவர். அறைகள் வீடாகி, வீட்டுக்குள் பிள்ளைகள் பிறந்து, பாதிப் பேர் அங்கேயே செத்தும் போயிருந்தார்கள்.

லேசில் சாகிற வளவு இல்லை அது. பஞ்சில் தீப்பிடித்து மூன்று நாள் எரிந்திருக்கிறது. சுவர் கறுத்ததோடு சரி. காலரா வந்து ஒரே வாரத்தில் ஆறு பேரைத் தூக்கியிருக்கிறது. கிணற்றில் சுண்ணாம்பைக் கொட்டிவிட்டு மறுபடி அதே தண்ணீரைக் குடித்தார்கள். மில் ஸ்டிரைக்கின்போது எட்டு மாசம் பதினோரு வீட்டுக்கும் ஒரே அண்டாவில் கஞ்சி காய்ச்சினார்கள். ஒரு ஐப்பசி மழையில் வளவு தரையை விட்டுக் கிளம்பி, மிதந்து போய், கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தது. அவசரத்தில் உட்கார்ந்ததால்தான் வாசல் இன்றைக்கும் கோணலாக இருக்கிறது. கடைசியாகச் சொன்னது மட்டும் தனுஷ்கோடி சொன்னது. வாசல் கோணல் என்பது நிஜம்.

வளவில் ஒரு வழக்கம் இருந்தது. ஆடிப்பூரத் தேருக்கு முதல் நாள் காலையிலேயே கட்டில், பானை, தையல் மிஷின் எல்லாம் பின்கட்டுக்குப் போய்விடும். முன்னறையும் முற்றமும் வெளியூர்க்காரர்களுக்கு. யார் சொல்லி ஆரம்பித்ததோ, யாருக்கும் தெரியாது. பிச்சை முகம்மது வீட்டுக்கு வ. புதுப்பட்டி ஆட்கள் வருவார்கள். தனுஷ்கோடி வீட்டுக்குச் சுந்தரபாண்டியத்திலிருந்து மாரியாத்தாள் வருவாள், ஒரு மஞ்சள் பையோடு. பையில் ஒரு படி வறுத்த கடலை இருக்கும். அதை இசக்கியம்மாள் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்பாள்:

"இந்த வருசத்துப் புளுகு என்ன அண்ணாச்சி?"

அவளுக்கென்றே ஒன்றை ஆனி மாசத்திலிருந்து பொத்தி வைத்திருப்பார்.

எண்பத்தொன்பதாம் வருசம் ஒருநாள், சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடு இரண்டு பேர் வந்து வளவு வாசலில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். பழநகர்ப் புத்துயிர்த் திட்டம் என்று ஒன்று வந்திருந்தது. பழைய ஊருக்குப் புது உயிர் கொடுக்கப் போகிறார்களாம். ஏற்கெனவே இருக்கிற உயிர்களைப் பற்றி அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. தேர் வீதியைப் பார்க்க டூரிஸ்ட் பஸ்கள் வரும். வந்த பஸ் திரும்ப இடம் வேண்டும். பஸ் திரும்புகிற இடத்தில் வளவு நின்றுகொண்டிருந்தது.

இசக்கியம்மாள் குறியின் மேல் சாணியை அள்ளி அப்பினாள். மறுநாள் சாணி காய்ந்து உதிர்ந்தது. குறி முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

மனுப் போட்டார்கள். பதில் இல்லை. ராஜபாளையத்தில் ஒரு மாடியில் இருந்த திட்ட ஆபீசுக்கு ஜெயபாய் டீச்சர் நேரில் போனார். ரிட்டயர்டு ஆனவர், குடையும் கண்ணாடியுமாகப் போனால் உட்காரச் சொல்வார்கள். திரும்பி வந்து கிணற்றடியில் எல்லோரையும் கூட்டினார்.

"அவங்க ஃபாரத்துல ரெண்டே கட்டந்தான் இருக்கு. ஒண்ணு இடிக்க வேண்டியது, இன்னொண்ணு காப்பாத்த வேண்டியது. சரித்திரம் இருக்கிற கட்டடம்னா ரெண்டாவது கட்டத்துல போட்டுருவாங்களாம். அடுத்த வாரம் ஆபீசர் விசாரிக்க வாராரு."

"ஆளுகளுக்குக் கட்டம் இல்லையா டீச்சர்?" என்று கேட்டாள் இசக்கியம்மாள்.

"இல்ல."

அந்த நேரத்தில் யாரும் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை.

"நமக்கு என்னத்த சரித்திரம்? மூடை அடுக்கினதெல்லாம் சரித்திரமா?" என்றார் யாரோ. பொறவு பதினோரு வீட்டு முகமும் ஒரே நேரத்தில் தனுஷ்கோடி பக்கம் திரும்பியது, ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வந்துவிட்டது என்று சேதி வந்த மாதிரி. அவர் அவசரப்படவில்லை. வாயிலிருந்த வெற்றிலையை நிதானமாக மென்று, எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இது சத்திரம்," என்றார்.

"எது?"

"இந்த வளவு. ஒரு ராணி கட்டினா. தேர் பாக்க வார சனம் தங்குறதுக்கு. ஒருநா மழையில மாட்டிக்கிட்டு அவளே இங்கன வந்து தூங்கியிருக்கா."

"எந்த ராணிய்யா?"

"பேரச் சொல்லக்கூடாதுன்னு நம்ம பாட்டன்மாருகிட்டச் சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்கா. தர்மம் பண்ணினவ பேரு வெளிய தெரிஞ்சா பலன் போயிருமாம்."

சிரிப்பு எழுந்தது. பிச்சை முகம்மது மட்டும் சிரிக்கவில்லை. அவரும் தனுஷ்கோடியும் ஒரே வருசம் பிறந்தவர்கள். மாப்ளே, மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"மாப்ளே, இது எங்க வாப்பா மூடை சுமந்த இடம். தோள்ல ஆறு விரக்கடைக்குத் தழும்பு. மவுத்தானப்பக் குளிப்பாட்டுறேன், கையில நெருடுது. ராணின்னு சொல்லிட்டா அந்தத் தழும்பு எங்க போகும்?"

"தழும்பு இருக்கட்டும் மச்சான். வீடு போயிருமே."

"உள்ளதச் சொல்லிப் பாப்போம்."

"உள்ளதுக்கு எந்தக் கட்டம்? டீச்சர் சொன்னாகள்ல? இடிக்க வேண்டிய கட்டம்."

பிச்சை முகம்மது, "ராணி சத்திரத்துல சாயபு எப்படி வந்தான்னு கேட்டா?" என்றார்.

"அத்தர்," என்றார் தனுஷ்கோடி உடனே. "ராணிக்கு அத்தர் கொண்டாந்து குடுத்த வம்சம் உங்க வம்சம்."

பிச்சை முகம்மது குனிந்து தன் சட்டையை ஒருதரம் மோந்து பார்த்தார். கிரீஸ் வாசம்தான் வந்தது. "நல்லாக் கிளப்புற வம்சத்த," என்று எழுந்து போனார்.

வீட்டுக்குள் இசக்கியம்மாள் சோறு போடும்போது சொன்னாள்: "இது நாள் வரைக்கும் நீங்க சொன்னத ஒருத்தரும் நம்பல. அதான் நமக்குக் காவலா இருந்துச்சு. இப்ப நம்புறவன்கிட்டப் போயிச் சொல்லப் போறீக."

"நம்பினா நல்லதுதான ஏட்டி?"

"நம்பினவன் கேட்டுட்டுச் சும்மா போவானா?"

ஆபீசர் பெயர் பொன்னுராஜ். சின்ன வயசு. கெட்டவர் இல்லை; கெட்டவராக இருந்திருந்தால் எதையும் நம்பியிருக்க மாட்டார். பழைய கல்லைக் கண்டால் தடவிப் பார்க்கிற ஆள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அதைப் பார்த்ததுமே தனுஷ்கோடிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

முற்றத்து உத்தரத்தில் தராசு தொங்கிய இரும்புக் கொக்கி, ராணி ஆடிய ஊஞ்சலின் கொக்கியானது. பஞ்சு அமுக்குகிற கல்தொட்டி பானகத் தொட்டியானது. தேர் அன்றைக்கு ஏழாயிரம் பேர் குடித்தும் அடி தெரிந்ததில்லை. தீப்பிடித்த கறுப்பு, அன்னதான அடுப்பின் புகையானது. மூடைக்குக் காற்றுப் போக விட்ட துவாரங்கள், ராணி தன் முகம் தெரியாமல் கையை மட்டும் நீட்டிச் சோறு கொடுத்த துவாரங்களாயின. ஜெயபாய் டீச்சரின் பாட்டி ராணிக்குப் பிரசவம் பார்த்தாள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வாசல் ஏன் கோணலா இருக்கு?" என்று கேட்டார் ஆபீசர்.

"யானை முட்டினதுங்க. ராணிய இறக்கிவிட்டுட்டுத் திரும்பும்போது. அதுக்கு ஒரு கண்ணு தெரியாது."

ஆபீசர் எழுதி எழுதிப் பேனாவில் மை தீர்ந்து, டீச்சரிடம் பேனா வாங்கினார். கடைசியில் கேட்டார்: "இப்பவும் தேருக்கு ஆளுங்க இங்க தங்குறாங்களா ஐயா?"

"வருசந் தவறாம. ஒரு பைசா வாங்குறது கிடையாது."

அன்றைக்கு அவர் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம். ஆபீசர் அதற்குக் கீழே மட்டும் இரண்டு கோடு போட்டார்.

டீச்சர் எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் வாக்குமூலமாக எழுதினார். பதினோரு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள். பிச்சை முகம்மது கடைசியாகப் போட்டார். போடும்போது தனுஷ்கோடியைப் பார்க்கவில்லை.

இரண்டு மாசத்தில் அதே பெயிண்ட் டப்பாக்காரர்கள் வந்து பெருக்கல் குறியை அழித்துவிட்டு ஒரு வெள்ளை வட்டம் போட்டார்கள். காப்பாற்ற வேண்டிய கட்டம். அன்றைக்குப் பூராவும் தனுஷ்கோடி தரையில் நடக்கவில்லை. பால்கோவா வாங்கி வந்து வாயில் திணித்தார்கள். "உம்ம வாய்க்குச் சர்க்கரை போடணும்யா" என்று, அதுவரை அவரைப் பார்த்தால் பாதை மாறிப் போகிறவர்கள்கூடச் சொன்னார்கள். அறுபத்தேழு வயதில் முதல் தடவையாக அவர் சொன்னதை ஒருவன் நம்பியிருந்தான். அந்தச் சுகம் வெற்றிலையில் இல்லை, பட்டைச் சாராயத்தில் இல்லை.

அடுத்த தேருக்கு மாரியாத்தாள் வந்து வழக்கம்போலக் கேட்டபோது, ராணி கதையை முழுசாகச் சொன்னார். அவள் ரசித்துக் கேட்டாள்.

"இத ஒரு ஆபீசர் அப்பிடியே எழுதிக்கிட்டுப் போனாரு," என்று முடித்தார்.

மாரியாத்தாளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. இசக்கியம்மாள் தலையில் தட்டித் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. "ராணியக்கூட நம்பிருவேன் அண்ணாச்சி," என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. "ஆபீசர் எழுதினாருன்னீகளே, அதத்தான் நம்ப முடியல."

தொண்ணூற்றொன்று பங்குனியில் இரண்டாவது நோட்டீஸ் வந்தது. கிணற்றடியில் டீச்சர் சத்தமாக வாசித்தார். வாசிக்க வாசிக்கச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

"மேற்படி கட்டடம் தேர்த்திருவிழாப் பக்தர்கள் தங்குவதற்காகக் கட்டப்பட்ட தர்மச் சத்திரம் என்பதும், இன்றளவும் கட்டணமின்றி அவ்வாறே பயன்பட்டு வருகிறது என்பதும், குடியிருப்போர் தாமே கையொப்பமிட்ட வாக்குமூலத்தால் உறுதியாகிறது. தர்மச் சொத்தில் தனிநபர் எவருக்கும் பாத்தியதை இல்லை. எனவே ஆக்கிரமிப்பாளர்கள் பதினொருவரும் தொண்ணூறு நாட்களுக்குள் காலி செய்ய வேண்டியது."

யாரோ இறைத்துக்கொண்டிருந்த வாளியைப் பாதியில் விட்டுவிட்டார்கள். கயிறு ஓடி, வாளி தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது.

தேருக்கு வந்தவர்களுக்குப் பாய் விரித்துக் கொடுத்தது குற்றத்துக்குச் சாட்சியாகிவிட்டது. வாடகை வாங்கியிருந்தால் சொந்தக்காரர்கள் ஆகியிருப்பார்கள்.

பிச்சை முகம்மது வீட்டுக்குள் போனார். ஒரு தகரப் பெட்டியிலிருந்து மடித்த தாளை எடுத்துவந்து தனுஷ்கோடி கையில் கொடுத்தார். மடிப்பில் மடிப்பில் கிழிந்து, பின்னால் துணி ஒட்டிய தாள்.

"வாசி."

தனுஷ்கோடி வாசித்தார். "எட்டாம் அறை... மூடை சுமக்கும் மீரான் சாயபுக்கு... இருபது வருச விசுவாசத்துக்காக..."

"போதும். இது எந்த ராணி எழுதிக் குடுத்தா?"

தனுஷ்கோடி தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் இரண்டு பேரும் ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினார்கள். தனுஷ்கோடி தன் வெள்ளைத்தாளையும், சாட்சிக்கென்று அப்பாவின் பழைய தராசுப் படிக்கல் ஒன்றையும் துண்டில் முடிந்து எடுத்துக்கொண்டார். நல்ல கனம். வழி முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். வாழ்நாளில் முதல் தடவையாக உண்மை பேசப் போகிறார். பழக்கமில்லாததால் பாதியில் மறந்து மறந்து போனது.

ஆபீசர் எழுந்து நின்று வரவேற்றார். "வாங்க பெரியவரே, உங்க வாக்குமூலத்த மெட்ராஸ்ல படிச்சிட்டு எல்லாரும் அசந்துட்டாங்க."

"ஐயா, அது அம்புட்டும் புளுகு."

ஆபீசர் உட்கார்ந்தார். "உங்க நிலைமை எனக்குப் புரியுது."

"நிலைமை இல்லங்க, புளுகு. ராணி கிடையாது. யானை கிடையாது. அது பஞ்சுக் கிட்டங்கி."

"வீடு போகுதுன்னதும் மாத்திச் சொல்றீங்க. உங்க இடத்துல நான் இருந்தாலும் இதத்தான் செய்வேன். ஆனா பதினோரு பேரு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

தாளைக் காட்டினார்கள். ஸ்டாம்ப் இல்லை, பதிவு இல்லை. சத்திரத்தை நிர்வகித்தவன் எவனோ தர்மச் சொத்தைக் கூறுபோட்டுக் கொடுத்திருக்கிறான் என்றுதான் அதற்கு அர்த்தம் என்று ஆபீசர் பொறுமையாக விளக்கினார். தனுஷ்கோடி முடிச்சை அவிழ்த்துப் படிக்கல்லை மேஜை மேல் வைத்தார். ஆபீசர் அதைத் தூக்கிப் பார்த்து, "அன்னதான அரிசி நிறுத்ததா?" என்றார்.

"பஞ்சுங்க. பஞ்சு நிறுத்தது. இவுக வாப்பா சுமந்தாரு, எங்கப்பா நிறுத்தாரு."

அந்தக் குரலில் ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும். ஆபீசர் அவரையும் பிச்சை முகம்மதுவையும் மாறி மாறிப் பார்த்தார். பொறவு கட்டடத்தின் வரைபடத்தை எடுத்து விரித்தார்.

"சரி. கிட்டங்கின்னே வச்சுக்குவோம். ஒரு நேரத்துல எத்தன மூடை அடுக்குவாங்க? சரியாச் சொல்லுங்க, அளவு பொருந்துதான்னு பார்ப்போம்."

இருநூறு. தனுஷ்கோடிக்கு நன்றாகத் தெரியும். அவருடைய அப்பா ஆயிரம் தடவை சொன்ன கணக்கு. இருநூறு என்று சொல்லிவிட்டால் போதும். ஆனால் வாய் வரைக்கும் வந்த இருநூறு அவருக்கே ரொம்பச் சப்பையாகப் பட்டது. கேட்கிறவன் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக எதிர்பார்க்கிற மாதிரி இருந்தது.

"ரெண்டாயிரம்," என்றார்.

பிச்சை முகம்மது கண்ணை மூடிக்கொண்டார்.

ஆபீசர் ஸ்கேலை வைத்து அளந்து, பென்சிலால் போட்டுப் பார்த்தார். "கூரை முட்ட அடைச்சாலும் முந்நூறு தாண்டாது பெரியவரே," என்றார். கோபமே இல்லை. வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு இரண்டு பேருக்கும் டீ வரவழைத்தார்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பிச்சை முகம்மது முன்னால் நடந்தார். பஸ்ஸில் பக்கத்தில் உட்காரவில்லை. இறங்கி, வளவுக்குத் திரும்புகிற முக்கில் நின்றார்.

"இருநூறுடா," என்றார். "எங்க வாப்பா எண்ணிச் சுமந்தது. இருநூறு."

அதற்குப் பொறவு அவர் தனுஷ்கோடியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வைகாசியில் ஜாமான்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு ராஜபாளையத்தில் மகள் வீட்டுக்குப் போனவர், நாலாம் மாசம் மவுத்தாகிவிட்டார். தனுஷ்கோடி போனபோது அடக்கம் முடிந்திருந்தது.

ஜெயபாய் டீச்சர் தம்பி வீட்டுக்குச் சாத்தூர் போனார். மற்றவர்களுக்குக் கண்மாய்க்கு அங்கிட்டு, மழை பெய்தால் கண்மாய்க்குள்ளேயே, ஒன்றேகால் செண்டு கொடுத்தார்கள். போகிற அன்றைக்குத் தனுஷ்கோடி ஸ்டூல் போட்டு ஏறித் தராசுக் கொக்கியைக் கழற்றப் போனார். அப்பா தொட்டுப் புழங்கியது. புதிதாகப் போட்ட காவல்காரன் ஓடி வந்தான்.

"யோவ் பெருசு, இறங்கும். ராணியம்மா ஜாமானு, தொடக்கூடாது."

அவர் இறங்கினார். இசக்கியம்மாள் ஏழாம் நம்பர் வீட்டைக் கூட்டி, கோலம் போட்டு, கதவைப் பூட்டினாள். பூட்டிய சாவியைப் பழக்கத்தில் இடுப்பில் செருகிக்கொண்டாள். காவல்காரன் கையை நீட்டி நின்றது அவளுக்குச் செத்த நேரம் புரியவில்லை.

புது வீட்டில், தகரக் கூரைக்குக் கீழே, அவள் அவரைத் திட்டவில்லை. சோறு போட்டாள், வெந்நீர் வைத்தாள். அவர் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவாள். மழை வருகிற மாதிரி இருக்கிறது என்றால்கூட.

மூன்று வருசம் வேலை நடந்தது. கறுத்த சுவரைச் சுரண்டி எடுத்து, அதே இடத்தில் அளவாகக் கறுப்பு அடித்தார்கள். கிணற்றுக்குக் கம்பி வலை போட்டார்கள். பதினோரு அடுப்பையும் இடித்துவிட்டு முற்றத்தில் ஒரு பெரிய அடுப்புக் கட்டினார்கள், அன்னதானம் நடந்ததற்கு அடையாளமாக. வாசல் கோணலை மட்டும் இரும்புச் சட்டம் போட்டு அப்படியே காப்பாற்றினார்கள். பக்கத்தில் யானை படம். ராணிக்கு இப்போது பெயரும் வந்துவிட்டது, குலமுத்து நாச்சியார். சத்தியத்தை யார் மீறினார்கள் என்று தெரியவில்லை.

தொண்ணூற்றைந்தில் தேருக்கு முதல் நாள் மத்தியானம், தனுஷ்கோடி எதிர்ச்சாரி நடைபாதையில் நின்றுகொண்டிருந்தார். திறந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை. திறப்பு விழா அன்றைக்கும் கூட்டத்தோடு கூட்டமாக நின்றுதான் பார்த்தார். வாசலில் ஒலிபெருக்கி வைத்து வழிகாட்டிப் பையன் பேசிக்கொண்டிருந்தான்.

"...இந்தத் தொட்டியில் பதினைந்தாயிரம் பேருக்குப் பானகம் கரைக்கப்பட்டதாகச் சரித்திரம் கூறுகிறது..."

"ஏழாயிரம்," என்றார் தனுஷ்கோடி.

பக்கத்தில் பலூன் விற்றவன் திரும்பிப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றான்.

"அண்ணாச்சி!"

மாரியாத்தாள். கையில் கம்பு, தோளில் மஞ்சள் பை. கால் வீங்கி நாலு வருசமாக வர முடியவில்லையாம். இந்த வருசம் முடியாவிட்டால் இனி முடியாது என்று கிளம்பி வந்துவிட்டாளாம். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருந்தாள்.

"என்ன வெயில்ல நிக்கீக? மதினி உள்ளயா? செத்த நேரம் காலு நீட்டணும் எனக்கு."

அவர் பதில் சொல்வதற்குள் அவள் ரோட்டைக் கடந்துவிட்டாள். இருபது வருசம் நுழைந்த வாசல். காவல்காரன் கம்பை நீட்டி மறித்தான்.

"டிக்கெட்."

"எதுக்குய்யா? தேருக்கு வந்திருக்கேன்."

"பாக்க ரெண்டு ரூவா. உள்ள படுக்கக் கூடாது, உக்காரக் கூடாது."

"இங்கனதான்யா நான் படுப்பேன்!"

"ஆமா, நீதான் அந்த ராணி. அங்கிட்டுப் போம்மா."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மாரியாத்தாள் நொண்டிக்கொண்டு திரும்பி வந்தாள். வெயிலில் முகமெல்லாம் சிவந்திருந்தது. நடைபாதைக் கல்லில் உட்கார்ந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, வேறு என்ன கேட்பது என்று தெரியாததாலோ என்னவோ, கேட்டாள்.

"இந்த வருசத்துப் புளுகு என்ன அண்ணாச்சி?"

தனுஷ்கோடி எதையும் பொத்தி வைத்திருக்கவில்லை. எதிரே கையைக் காட்டினார்.

"அந்தா, கம்பிக்குப் பின்னால டிக்கெட் கிழிக்கான் பாரு, அது நம்ம அடுக்களை. ராணி தூங்கினான்னு கட்டில் போட்டுக் கயிறு கட்டி வச்சிருக்கான்ல, அங்கனதான் நீ படுப்ப. இந்த வளவு தீயில போகல, காலராவுல போகல, வெள்ளத்துல போகல. நான் ஒருத்தன் வாயாலயே அழிச்சேன். ரெண்டு மணி நேரந்தான் ஆச்சு."

எப்போதும் சொல்கிற முகத்தோடுதான் சொன்னார். சொல்லிவிட்டு, எப்போதும் போல, சிரிப்புக்காகக் காத்திருந்தார்.

மாரியாத்தாள் டிக்கெட் கொடுக்கிற கம்பியைப் பார்த்தாள். கோணல் வாசலைப் பார்த்தாள். பொறவு அவர் காலில் இருந்த அறுந்த செருப்பைப் பார்த்தாள்.

"நல்லால்ல அண்ணாச்சி," என்றாள். "இந்த வருசத்துப் புளுகு நல்லாவே இல்ல."

பையிலிருந்த கடலையை அவர் துண்டில் கொட்டி, "மதினிகிட்டக் குடுத்துருங்க" என்றாள். காலிப் பையை உதறி நடைபாதையில் விரித்து, வளவுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள்.